கேட்காமல் நீளும் கை

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் போகும் பேருந்தில் ஒருநாள் எங்களுக்கு முன் சீட்டில் முன்பின் தெரியாத ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டைக் காலருக்கு வெளியே கம்பெனி லேபிள் துருத்திக்கொண்டிருந்தது. என் பக்கத்திலிருந்த தறிவீட்டு அக்கா ஒற்றை விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டார். பின்கழுத்தில் பல்லி விழுந்ததுபோல அந்த ஆள் திடுக்கிட்டுத் திரும்பினார். அதற்குள் அக்கா ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அந்த ஆள் என்னை முறைத்தார். கண்ணமங்கலத்தில் நாங்கள் இறங்கும்வரை அவ்வப்போது திரும்பி முறைத்துக்கொண்டே வந்தார்.

இறங்கியதும், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால் என்ன என்று அக்காவிடம் கேட்டேன்.

"கேட்டா வேணான்னுதான் சொல்லுவாங்க பாப்பா" என்றார்.

தன்னைப் பற்றி அவர் எனக்குக் கொடுத்த விளக்கம் அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார். அவருக்கு வாய் மெதுவாக வேலை செய்யும். கை முந்திக்கொள்ளும்.

எனக்குச் சொந்த ஊர் அரூர். சிவில் இன்ஜினியரிங் படிக்க ஆரணிக்கு வந்து, ஒரு வருடம் கல்லூரி விடுதிச் சாம்பாரோடு போராடித் தோற்று, இரண்டாம் வருடம் நெசவுக்காரர் தெரு ஒன்றில் மாடியறை எடுத்தேன். கீழே அக்காவும் அவருடைய கணவரும் இருந்தார்கள். கூடத்தில் இரண்டு கைத்தறி. ஒன்றில் அவர், ஒன்றில் இவர். காலையில் காபிக்கு முன்னாலேயே தறிச்சத்தம் தொடங்கிவிடும். முதல் வாரம் அது தூங்கவிடவில்லை. அப்புறம் அது நின்றால்தான் விழிப்பு வந்தது. கல்லூரியில் என் தோழிகளுக்கும் எனக்கும் அவர் தறிவீட்டு அக்கா. ரேஷன் கார்டில் ஒருமுறை அவர் பெயரைப் பார்த்திருக்கிறேன். தெருவிலேயே யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. அதனால் நானும் சொல்லப்போவதில்லை. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும்.

அறை பார்க்க அப்பாவோடு போன அன்றே அந்தக் கையின் அறிமுகம் கிடைத்தது. அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா என் தாடையைப் பிடித்துத் திருப்பி, காதில் கழன்று தொங்கிய கம்மல் திருகை இறுக்கிவிட்டார். நான் ஓரடி பின்னால் போனேன். அப்பாவுக்குப் பிடித்துப் போயிற்று. நம்ம வீட்டு மனுஷி மாதிரி இருக்காங்க என்று வரும் வழியெல்லாம் சொன்னார்.

வீட்டு மனுஷிகள் எப்போதும் சௌகரியம் என்று சொல்ல முடியாது. வற்றல் காயவைக்க மாடிக்கு வந்தால் என் அறைக்குள்ளும் ஒரு சுற்று வந்துவிடுவார். ஆடிய நாற்காலிக் காலுக்கு அட்டை மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு மத்தியானம் தூங்கி எழுந்து கண்ணாடியைப் போட்டால் மூக்கில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு மாதமாக லூசாக இருந்த அதன் திருகைக் கத்தி முனையால் முடுக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து உள்தாழ்ப்பாள் போட ஆரம்பித்தேன். அது துருப்பிடித்து, போடும்போதெல்லாம் கத்தும். மூன்றாம் நாள் கத்தவில்லை. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டிருந்தது. அதற்கப்புறம் நான் சண்டையை விட்டுவிட்டேன்.

தெருவில் அந்தக் கைக்கு மரியாதை உண்டு. ஒரு பாவு, அதாவது தறியின் நீளவாட்டு இழைக்கட்டு, முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் ஒவ்வொரு இழையையும் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. தலைமுடியை விட மெல்லியது. விரலில் துளி சாம்பலைத் தொட்டுக்கொண்டு செய்வார்கள். நாலு வீடு தள்ளியிருப்பவர்கள்கூட இதற்கு அக்காவைக் கூப்பிடுவார்கள். அவர் டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டே செய்வார். விரல்கள் அவற்றின்பாட்டுக்கு முறுக்கித் தள்ளிக்கொண்டே போகும். திடீரென்று ஓரிடத்தில் நிற்கும். அங்கே ஓர் இழை அறுந்து உள்ளே போயிருக்கும். அதை எடுத்து முடிந்துவிட்டு மறுபடி சீரியலுக்குப் போவார். நான் குனிந்து பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை.

இனி என் கால் விஷயம்.

மூன்றாம் வருடத்தில் சர்வே பிராக்டிகல். ஷூ இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று துறையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பஜாரில் என் அளவு இல்லை. ஒரு சைஸ் சின்னதுதான் இருந்தது. போடப் போட லூசாயிடும் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நம்பி வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் ஏரிக்கரையில் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் வலது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம்.

நொண்டிக்கொண்டு படியேறினேன். கீழே தறிச்சத்தம் நின்றது. படியில் என் காலடி ஒருபக்கம் கனமாக விழுந்ததை அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டிருக்கிறார். நான் சாக்ஸைக் கழற்றுவதற்குள் ஊசியோடு மேலே வந்துவிட்டார். ஊசிக் காதில் அரக்குக் கலர் பட்டு நூல், இரண்டு இழை. ஊசியைத் தீக்குச்சி நெருப்பில் காட்டினார். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, இரண்டு பக்கமும் விரல்கடை நீளம் தொங்கும்படி நூலைக் கத்தரித்துவிட்டார். தோலைக் கிழிக்கவில்லை. நூல் வழியாக நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஐந்து நிமிடத்தில் வலி போயிற்று.

அந்தத் தெருவில் கொப்புளத்துக்கு அதுதான் வைத்தியம். தறி மிதிப்பவர்களுக்குப் பாதத்திலும் விரலிடுக்கிலும் கொப்புளம் வரும். பட்டு நூலை விட்டு வைப்பார்கள். நீரெல்லாம் வடிந்து, தோல் ஒட்டிக்கொண்டதும், மூன்றாம் நாள் உருவிவிடுவார்கள். பருத்தி நூல் கூடாது, அது ஊறி அழுகும். பட்டு அழுகாது. அதோடு பட்டுக்குத் தீட்டும் கிடையாது. பூஜைக்கு எடுத்துவைத்த பட்டுப்புடவையைத் தினமும் துவைக்கிறோமா என்ன? கொப்புளத்துக்கும் அதே கணக்கு. பட்டுக்கு இன்னா தீட்டு என்று அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். ஒரு சொட்டுத் தண்ணீரில் எத்தனை கிருமி இருக்கலாம் என்று அந்த மாதம்தான் நான் பரீட்சை எழுதியிருந்தேன். அப்படியிருந்தும் மகாராணி மாதிரி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வைத்தியத்தில் ஒரு பிசகு இருந்தது. இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை. தறிக்குழியில் இறங்கும் கால் வெறுங்கால். நாள் முழுக்கக் காய்ந்த இடத்தில், காற்றுப்படும்படி இருக்கும் கால். அந்தக் காலுக்கு அந்த நூல் சரி. என் கால் மறுநாள் காலை எட்டு மணிக்கு நைலான் சாக்ஸுக்குள் புகுந்து, அளவு பத்தாத ஷூவுக்குள் போய், வியர்வையில் ஊறிக்கொண்டு ஏரிக்கரைச் சேற்றில் நடந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு போ என்று அக்கா சொல்லத்தான் செய்தார். செருப்போடு போனால் அட்டெண்டன்ஸ் கிடையாது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? சரி என்று தலையாட்டிவிட்டு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் மாட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கல்லூரிக் கழிவறையில் சாக்ஸைக் கழற்றிக் கால் கழுவும்போது தோழி ஒருத்தி பார்த்துவிட்டாள். குதிகாலில் இருந்து அரக்கு நூல் தொங்குகிறது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கால்ல ஜரிகை பார்டர் எப்ப போடப்போற என்று கேட்டாள். வெட்கமாகப் போயிற்று. நூலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். சுரீர் என்றது. கையில் வந்ததைப் பார்க்காமல் தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நான் உள்ளே நுழையும்போது அக்கா தறியில் இருந்தார்.

"நூலை எடுத்துட்டியா?"

"ம்" என்றேன்.

"ரெண்டும் வந்துச்சா?"

அதற்கும் ம் என்றேன். அவர் தறியை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார். பார்த்தால் ஷூ தடத்தையும் பார்ப்பார், பேஜாராகிவிடும். நான் படியேறிவிட்டேன்.

இரண்டு நாளில் குதிகால் சிவந்து, கணுக்கால் எலும்பு தெரியாமல் வீங்கியது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. காய்ச்சல் அடித்தது. அக்கா மேலே வந்து நெற்றியில் கைவைத்தார். என் துப்பட்டாவை எடுத்து என் மேல் போட்டு, கையைப் பிடித்துக் கீழே இறக்கி, ஆட்டோவில் ஏற்றி ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் வயதானவர். என்ன ஆச்சு, யார் கை வைத்தது என்று கேட்டார். ஷூ கடித்தது, நானே சேஃப்டி பின்னை வைத்துக் குத்திவிட்டேன் என்றேன். பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்த்தார். அவர் திட்டு வாங்கக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு. டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை எழுதி, பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார். கணுக்காலுக்கு மேல் சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு போட்டார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் உடனே வரவேண்டும், வேலூருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

அடுத்த நாள் காலை அக்கா வந்து கோட்டைப் பார்த்தார். சிவப்பு கோட்டிலேயே நின்றிருந்தது. அதற்கடுத்த நாள் காலையும் வந்தார். சிவப்பு இரண்டு விரல்கடை மேலே ஏறியிருந்தது. கோடு போட்ட இடத்தை விரலால் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். அன்று அவருடைய தறி ஓடவில்லை. அவருடைய கணவரின் தறியும் ஓடவில்லை. நான் அந்த அமைதியில் படுத்துக்கொண்டு, கால் போய்விடுமோ என்று முதன்முதலாகப் பயந்தேன். அப்பாவுக்குப் போன் செய்தேன். தான் வந்ததும் கிளினிக்குக்குப் போகலாம் என்றார்.

அப்பா டூட்டியை மாற்றிக்கொண்டு மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். மூன்று பேரும் கிளினிக்குக்குப் போனோம். டாக்டருக்கு முகம் சரியில்லை. இத்தனை மருந்துக்கு இறங்கியிருக்க வேண்டும், ஏன் இறங்கவில்லை என்று தெரியவில்லை, ஆழத்தில் சீழ் இருக்கலாம், இன்றைக்கே வேலூர் போய்விடுங்கள் என்றார். காலுக்கு ஒண்ணும் ஆகாதே சார் என்று அப்பா கேட்டார். இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் கடிதம் எழுத ஆரம்பித்தார். பேருந்து நிறைந்து வழியும்போதும் நின்றபடி டிக்கெட் கிழிக்கிற மனிதர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸ் பழைய கட்டைப் பிரித்துவிட்டுப் புதிய துணி எடுக்கப் போனார். என் கால் மேஜை மேல் நீட்டிக் கிடந்தது. மூலையில் நின்றிருந்த அக்கா கிட்டே வந்தார். அவருடைய கட்டைவிரல் என் குதிகாலில் பட்டது. அழுத்தவில்லை, தடவிக்கொண்டு போயிற்று. நர்ஸ் திரும்பிப் பார்த்து, கை வைக்காதீங்கம்மா என்றார். விரல் ஓரிடத்தில் நின்றது. கொஞ்சம் பின்னால் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது. எனக்கு வலியில் உயிர் போயிற்று.

"உள்ள நூல் கீதுங்க" என்றார் அக்கா.

டாக்டர் எழுதுவதை நிறுத்தி, என்ன நூல் என்றார்.

"பட்டு நூலுங்க. நான்தான் வுட்டேன். ரெண்டு இழை வுட்டேன். ஒண்ணு வரலை."

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார். வீங்கிப்போன தோலுக்குக் கீழே ஒரு நூல் கையில் தட்டுப்படும் என்று டாக்டர் நம்பவில்லை. அவர் அழுத்திப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. அக்கா நகத்தால் இடத்தைக் காட்டினார். இங்கதாங்க, குறுக்கால படுத்துகினு கீது என்றார். டாக்டர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, நகம் காட்டிய இடத்தில் கீறினார். சீழ் வந்தது. அதன் பின்னால் இடுக்கியில் ஓர் இழை வந்தது. அரை விரல் நீளம் இருக்கும். இத்தனை நாள் ஊறியும் அதன் அரக்கு நிறம் போகவில்லை.

வேலூர் கடிதத்தை டாக்டர் கிழித்துப் போட்டார். நாளை காலை வரை பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு அக்காவைத் திட்டினார். படித்த பெண்ணின் காலில் தறி ஓட்டியிருக்கிறாய் என்றார். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்றார். கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லாரும் கதவு வழியாகப் பார்த்தார்கள். அக்கா முந்தானையால் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து அக்கா எதிரில் போய் நின்று, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"இனிமே எம்பொண்ணு மேல கை வைக்காதீங்கம்மா."

"சரிங்க" என்றார் அக்கா.

நான் அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். ரெண்டும் வந்துடுச்சான்னு கேட்டேன், உங்க பொண்ணுதான் ஆமான்னு சொன்னா என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பயம்தான். சொன்னால் அப்பாவின் கோபம் என் பக்கம் திரும்பும். ஏற்கெனவே காலில் வலி, இதையும் ஏன் வாங்கிக்கட்டிக்கொள்வது என்று டிரேயில் கிடந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை நான் செய்த காரியங்களில் வெட்கப்படத்தக்கது எது என்று கேட்டால் அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலை சிவப்பு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. இரண்டு வாரத்தில் நடக்க ஆரம்பித்தேன். அறையைக் காலி செய்துவிடலாம் என்று அப்பா விடுதியில் விசாரித்தார். வருடக் கடைசிவரை இடமில்லை என்றார்கள். வருடக் கடைசியில் இடம் வந்தபோது நான்தான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா ஒப்புக்கொண்டதைக் காப்பாற்றினார். நான் அங்கே இருந்த மிச்ச ஒன்றரை வருடத்தில் அவருடைய விரல் என் மேல் ஒருமுறைகூடப் படவில்லை. மற்றவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. தபால்காரருடைய தோள்பையின் கொக்கியை மாட்டிவிட்டார். புடவை வாங்க வந்த கடைக்கார முதலாளியின் சட்டையில் ஒட்டியிருந்த ஜரிகைத் துண்டைத் தட்டிவிட்டார். நான் வந்தால் மட்டும் கை இடுப்புக்குப் போய்விடும். என்னிடம் வாயால்தான் சொன்னார். சொல்லிப் பழக்கமில்லாததால் அது அவருக்குக் கடினமாக இருந்தது. பின்னல் அவுந்துகினு கீது என்பார். எங்கே என்று தடவுவேன். அங்க இல்ல, கொஞ்சம் கீழ, இந்தாண்ட என்று தவிப்பார். நாலு வார்த்தை சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். கழுத்துச் சங்கிலியில் ஒருநாள் சிக்கு விழுந்தது. கையில் கொடுக்கப் போனேன். தறிப்பலகையைக் காட்டி, அங்க வை என்றார். வைத்தேன். எடுத்துச் சிக்கைப் பிரித்து, மறுபடி பலகையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

நாலாம் வருடத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வெறும் சளிக்காய்ச்சல். அக்கா அறை வாசல்வரை வந்து நின்றார். திரும்பிப் போனார். ஐந்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் உள்ளே வந்து என் நெற்றியில் கைவைத்தாள். அக்கா வாசலிலிருந்து கேட்டார்.

"சுடுதா?"

லேசாத்தான் என்றாள் அவள். எப்படி லேசு, கழுத்தாண்ட வெச்சுப் பாரு என்றார் அக்கா. கழுத்திலும் வைத்துப் பார்த்தாள். அக்கா நம்பாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காய்ச்சல் விட்டதும் கீழே போய், அப்பா அன்றைக்கு ஏதோ டென்ஷனில் சொல்லிவிட்டார், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன்.

"பெத்தவரு சொல்லிட்டாரு பாப்பா. அவரு சொன்னது சரிதான்."

அது சரியில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லப் போனால் அந்த ம்-ஐயும் சொல்ல வேண்டும். அவருக்கு அது தெரியாததில்லை. என் வாயிலிருந்து வருமா என்று ஒரு நிமிடம் ஊடை இழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்த மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். பிறகு தறி ஓட ஆரம்பித்தது.

படிப்பு முடிந்து அறையைக் காலி செய்த அன்று அப்பா ஒரு மினி வேனோடு வந்தார். காலை பத்து மணி. புத்தகப் பெட்டி, பக்கெட், மடக்குக் கட்டில். என் மர மேஜையை டிரைவரும் அப்பாவும் படியில் இறக்கும்போது அப்பாவின் உள்ளங்கையில் சிராம்பு ஏறிவிட்டது. உதறினார், பல்லால் கடித்துப் பார்த்தார். உள்ளே உடைந்து நின்றுகொண்டது. தறியில் இருந்த அக்கா எழுந்து வந்தார். அப்பா தானாகவே கையை அவரிடம் நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கை வைக்கட்டுங்களா?" என்றார்.

"இதுக்குப் போய்க் கேக்கணுமாம்மா, எடுங்க" என்றார் அப்பா.

அக்கா அவருடைய கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். இரண்டு நகத்தால் கிள்ளி எடுத்தார். எடுத்ததை அப்பாவிடம் காட்டிவிட்டு வாசலில் போட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்து, நல்ல கைராசிம்மா உங்களுக்கு என்றார். மனதாரத்தான் சொன்னார். அக்கா தலையாட்டினார்.

நான் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கிட்டே போனேன். அக்கா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். பையோட வாரு முறுக்கிகினு கீது பாரு என்றார். நான் சரிசெய்துகொண்டேன். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம் சரிசெய்தேன்.

வேன் போளூரை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா உள்ளங்கையைத் தடவிக்கொண்டே வந்தார். வலியே தெரியலை, என்ன கை அது என்றார். அப்போதுதான் சொன்னேன். கிளினிக்கில் அக்காவிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவருக்கு இல்லை. சொன்னேன். அக்கா அதற்கப்புறம் என்னைத் தொடவே இல்லை என்பதையும் சொன்னேன். நூல் இரண்டும் வந்துவிட்டதா என்று அவர் அன்றே கேட்டார், நான்தான் பார்க்காமலே ஆமாம் என்றேன் என்பதையும் சொன்னேன்.

"அப்படியா சொன்னேன்?" என்றார் அப்பா. அவர் கேட்டது தான் சொன்னதைப் பற்றி மட்டும்தான். என் பொய்யைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை நாள் நான் பயந்த கோபம் வரவே இல்லை.

கொஞ்சதூரம் போனதும் டிரைவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வண்டியத் திருப்பச் சொல்லட்டுமா? ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடலாம்."

"வேணாம்ப்பா, நேரமாயிடும்" என்றேன்.

நாங்கள் அரூர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலுகூட ஆகவில்லை.